பச்சை டின்னும் பல்லி மாவும்

என் வீட்டுக்காரர் கல்யாணமான நாளிலிருந்து அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்த்ததே இரண்டு காரணத்துக்காகத்தான். ஒன்று, "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்க. இன்னொன்று, கரண்ட் போனால் மெழுகுவத்தி தேட. அப்பேர்ப்பட்ட மனிதர் போன வருஷம் ஒரு காலையில் என் சமையல் மேடையில் நின்றுகொண்டு, தேக்கரண்டியால் மாவை அளந்து, அதற்கு இரண்டு பங்கு தண்ணீர் விட்டு, பல் குத்தும் குச்சியால் கட்டி தட்டாமல் கலக்கிக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு மனிதருக்குப் புத்தி வந்துவிட்டது, தனக்கு வேண்டியதைத் தானே கலக்கிக் குடிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"யாருக்குங்க?" என்று கேட்டேன்.

"வண்டுக்கு."

குளிர்ந்த நெஞ்சு அதே வேகத்தில் கொதித்தது. நான் ஏன் கொதித்தேன் என்பது புரிய வேண்டுமானால், அப்போது எங்கள் வீட்டு நிலவரம் தெரிய வேண்டும்.

இவர் ரயில்வே பட்டறையில் சம்மட்டி பிடித்து ரிட்டயர் ஆனவர். எங்கள் பேட்டை பிரிக்பீல்ட்ஸில் இவர் நடந்து போனால் எதிரே வருகிறவர்கள் ஒதுங்கித்தான் போக வேண்டும், அப்படி ஒரு உடம்பு. வயிற்றில் புண் முற்றி, ஆபரேஷன் செய்து, வயிற்றில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். புண் போயிற்று. கூடவே பசியும் போயிற்று. இட்லியில் பாதி, சோற்றில் இரண்டு கைப்பிடி, அதோடு கையைக் கழுவிவிடுவார். சட்டை கொடியில் தொங்குவதைப் போல உடம்பில் தொங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் பெண், என் மகள் வயதுதான் இருக்கும், ஒரு பெரிய டின் சத்துப் பவுடரைக் கையில் கொடுத்து என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "ஆன்டி, டெய்லி மூணு வேளை இதைக் குடுங்க. அடுத்த அப்பாயின்ட்மென்ட்ல அங்கிள் வெயிட் இன்னும் எறங்கியிருந்துச்சுன்னா, மூக்கு வழியா டியூப் போட்டுத்தான் சாப்பாடு குடுக்கணும்."

தனியாகச் சொன்னாளே தவிர, இவர் காதிலும் விழுந்துவிட்டது. ஆபரேஷன் வார்டில் எதிர்க் கட்டிலில் ஒருவர் மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். அவரைப் பார்க்க மாட்டாமல் இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தே கழுத்துப் பிடித்துக்கொண்டது. அப்படிப் பயந்த மனிதர் பவுடரை மடமடவென்று குடித்திருக்க வேண்டாமா? குடிக்கவில்லை. ஒரு வாய் வைப்பார். கண்ணில் தண்ணீர் நிற்கும். "அப்புறம் குடிக்கிறேன்மா, வச்சுட்டுப் போ" என்பார். நான் போனதும் டம்ளர் காலியாகிவிடும். குடித்துவிட்டாரே மகராசன் என்று சந்தோஷப்பட்டேன். பால்கனியில் என் கறிவேப்பிலைத் தொட்டியில் எறும்பு ஊர்வலம் கிளம்பிய பிறகுதான் யார் குடித்தது என்று தெரிந்தது. அந்தச் செடி அந்த மாதம் வளர்ந்த வளர்ச்சி இருக்கிறதே, இவருடைய எடை அப்படி ஏறியிருந்தால் தேங்காய் உடைத்திருப்பேன்.

அன்றிலிருந்து பக்கத்திலேயே நின்றேன். நான் பள்ளிக்கூட கேன்டீன் நடத்தியவள். இடுப்பில் கை வைத்து நின்று ஒரு பார்வை பார்த்தால் மீ கோரெங் நூடுல்ஸில் இருக்கும் கீரையைக்கூடப் பிள்ளைகள் முழுங்கிவிடும். இவரிடம் அந்தப் பார்வை பலிக்கவில்லை. "குடிங்க. குடிங்கன்னு சொல்றேன்ல. டியூப் வேணுமா உங்களுக்கு?" என்று நான் கத்த, இவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருக்க, பவுடர் ஆறிப் போய் ஏடு கட்டும்.

இந்த அழகில்தான் வண்டு வந்தது. கொண்டுவந்தவன் என் மகன். செமினியில் குடியிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை வருவான். வரும்போது பழம் வாங்கி வருவான் என்று பார்த்தால், ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். உள்ளே மரத்தூள்மேல் மூன்று கொம்போடு, கறுத்து, பளபளவென்று, என் உள்ளங்கை அளவுக்கு ஒரு ஜீவன்.

"அப்பாவுக்கு டைம் பாஸ் ஆகணும்லா, அம்மா. ஜப்பான்ல எல்லாம் சின்னப் பிள்ளைங்க இதைத்தான் வளர்க்குது. ரொம்ப சமத்து."

என் அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர். அங்கே இந்த ஜாதி வண்டு குருத்தைக் குடைந்து மரத்தையே சாகடித்துவிடும். கம்பியால் குத்தி எடுத்து மண்ணெண்ணெய் டின்னில் போடுவது அவருக்கு ஒரு வேலை. அவருடைய மருமகன் வீட்டு வரவேற்பறையில் அதற்கு ஏர்கோன் போட்டு உட்கார வைத்தான் என் மகன். "இது அது இல்லம்மா, வேற வகை. காட்டு வண்டு" என்று வேறு பாடம் நடத்தினான். வகை என்ன வகை? சம்பந்தி வீட்டுக்காரன் மாதிரி ஏதோ ஒரு வழியில் உறவாகத்தானே இருக்கும்.

முதலில் அதற்குச் சின்னச் சின்னக் கப்பில் ஜெல்லி வந்தது. பிறகு ஜெல்லி கிடைக்கவில்லையாம். இவர் வண்டு வளர்ப்பவர்கள் குரூப் ஒன்றில் சேர்ந்திருந்தார். சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாரும் அதில் உண்டு. நாட்டில் எந்த விஷயத்துக்கும் ஒன்றுசேராதவர்கள் வண்டுக்கு மலச்சிக்கல் என்றால் அரை நிமிஷத்தில் ஓடி வருகிறார்கள். அதில் ஒரு புண்ணியவான் சொன்னாராம்: "பாஸ், கெக்கோ பவுடர் டிரை பண்ணு லா. பல்லிக்கு விக்கிறது. வண்டும் சாப்பிடும், நல்லா பலம் வரும்." இவர் உடனே மகனை விரட்டி, பங்சாரில் நாய்க்குப் பிறந்தநாள் கேக் விற்கும் ஒரு கடையில் அதை வாங்கவைத்தார். பொட்டலத்தின் மேல் ஒரு வெளிநாட்டுப் பல்லி நாக்கை நீட்டி மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் பல்லிகள் காலம் காலமாக ட்யூப் லைட்டுக்குக் கீழே தாமே வேட்டையாடிப் பிழைக்கின்றன. அவை அந்தப் படத்தைப் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருக்கும்.

கண்ணாடி போட்டுப் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்தேன். மாம்பழம், பப்பாளி, முட்டை, தேன், அப்புறம் பூச்சி மாவு.

"ஏங்க, வண்டுக்கே பூச்சி மாவா? சொந்தக்காரனைத் திங்கிற மாதிரி இல்ல இருக்கு?"

"நம்ம சொந்தக்காரங்க பண்ணாததா?" என்றார் இவர், கலக்குவதை நிறுத்தாமல்.

கலக்கியது கெட்டியாகும்வரை காத்திருப்பார். நான் ஒரு கப் டீ கேட்டால் "முட்டி வலிக்குது" என்று சொல்லும் மனிதர், வண்டுக்காக நின்றுகொண்டே காத்திருப்பார். சட்னிப் பதம் வந்ததும் விரலால் ஒரு துளி எடுத்துத் தன் நாக்கில் வைத்துப் பார்ப்பார். முதல் நாள் அதைப் பார்த்ததும் கத்திவிட்டேன்.

"சீ! கருமம்! அதைப் போய் நக்குறீங்களே, உங்களுக்கு என்ன பைத்தியமா?"

"நாம வாயில வைக்காததை அதுக்கு எப்படிம்மா வைக்கிறது?" என்று சொல்லிவிட்டு, பாட்டில் மூடியில் அதை வழித்து வைத்து, பெட்டிக்குள் இறக்கி, குனிந்து உட்கார்ந்துவிட்டார். வண்டு மெதுவாக நகர்ந்து வந்து, மூடியின் விளிம்பைக் கட்டிக்கொண்டு, வாயிலிருக்கும் மஞ்சள் தூரிகையால் உறிஞ்சியது. இவர் முகத்தில் ஒரு திருப்தி. என் மகன் முதன்முதலில் சோறு தின்றபோதுகூட இந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

இங்கே என் தொழில் தர்மத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் சமைக்கும்போது ருசி பார்ப்பதே இல்லை. சாமிக்குப் படைப்பதை வாயில் வைக்கக்கூடாது என்று பழகிய கை அது. கேன்டீனில் அண்டா அண்டாவாகச் சமைத்தபோதும் அப்படித்தான். ஆவியை ஒரு தரம் மோந்தால் போதும், உப்பு குறைவா, புளி தூக்கலா என்று சொல்லிவிடுவேன். கல்யாண வீட்டுச் சமையல்காரர்களே என்னைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னதுண்டு. ஆஸ்பத்திரிப் பவுடரையும் கலக்கியவுடன் மோந்து பார்த்தேன். வெனிலா வாசம், ஐஸ்கிரீம் மாதிரி. இதைக் குடிக்க இந்த மனிதருக்கு என்ன கேடு என்றுதான் எனக்கு எரிச்சலாக வந்தது.

பல்லி மாவுப் பொட்டலத்தில் எறும்பு மொய்த்தது. இவர் அதை ஒரு காலி டின்னுக்கு மாற்றினார். எங்கள் வீட்டில் அப்போது டின்னுக்குப் பஞ்சமே இல்லை. நம் ஆட்கள் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வர மாட்டார்கள். வருகிற அத்தனை பேரும், எல்லார் வீட்டிலும் இருக்குமே அந்தப் பச்சை டின் சாக்லெட் மாவு, அதை ஒன்று தூக்கிக்கொண்டு வருவார்கள். நோயாளிக்கு வயிறே பாதிதான் இருக்கிறது என்று யாருக்கும் கவலை இல்லை. அந்த டின்களும் ஊர் சுற்றுகிறவைதான். கிள்ளானில் ஒரு அம்மாவுக்குப் பிரசவம் என்று நான் கொடுத்த டின், மூடியில் அதே நெளிசலோடு என் வீட்டுக்கே திரும்பி வந்தது. நானும் முகம் மாறாமல் "எதுக்கும்மா இதெல்லாம்?" என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

"இது வண்டோடது, ஞாபகம் வச்சுக்க" என்று இவர் காலி பச்சை டின்னில் மாவைக் கொட்டி வைத்தார். நானும் சரி என்றேன். மேலே பேர் எழுதி ஒட்டவில்லை. யார் ஒட்டுகிறார்கள்? நம் வீடுகளில் பிஸ்கட் டின்னில் ஊசி நூல் இருக்கும், ஐஸ்கிரீம் டப்பாவில் சம்பால் இருக்கும். டின்மேல் இருக்கும் படத்தை நம்புகிறவள் தமிழச்சியே இல்லை.

அப்படி நம்பாத தமிழச்சி ஒருத்தி ஒரு புரட்டாசி சனிக்கிழமை மேரு என்ற ஊரிலிருந்து வந்து இறங்கினார். இவருடைய ஒரே அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். இவரைத் தூக்கி வளர்த்தவர், அதை அடுத்தவர் மறந்துவிடக்கூடாது என்பதில் கவனமாக இருப்பவர். தம்பி உடம்பு தேற வேண்டும் என்று அந்த வருஷம் புரட்டாசி முழுக்க விரதம். முட்டை கலந்த கேக்கை வெட்டிய கத்தியால் அவருக்கு ஆப்பிள் வெட்டினால்கூடக் கண்டுபிடித்துவிடுவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"என்னம்மா இது, என் தம்பியைத் துடைப்பக் குச்சி மாதிரி ஆக்கி வச்சிருக்க? அந்தக் காலத்துல நான் பிசைஞ்சு குடுத்தா சட்டியோட தின்பான்."

எனக்குச் சுருக்கென்றது. பதில் சொன்னால் வளரும் என்று, கோயிலுக்குத் துளசி மாலை வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன். பூக்கடையில் வேண்டுமென்றே நேரத்தைக் கடத்தினேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால், அக்காவும் தம்பியும் சாப்பாட்டு மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு டம்ளரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இவருடைய டம்ளர் காலி. அடிவரைக்கும் காலி. என் கண்ணெதிரே டம்ளரை நீட்டி, "அக்கா, ஜக்குல இருக்கிறதையும் எனக்கே ஊத்துங்க" என்று கேட்கிறார்.

ஆபரேஷனுக்குப் பிறகு இந்த மனிதர் வாயைத் திறந்து இன்னும் வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. துளசி மாலையோடு அப்படியே நின்றேன். பெருமாளே என்று கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"பாத்தியா?" என்றார் அண்ணி, ஜக்கைக் கவிழ்த்து ஊற்றிக்கொண்டே. "நீ என்னத்தைக் கலக்குனியோ, எப்படிக் குடுத்தியோ. என் கைப்பக்குவத்துக்கு எப்படிக் குடிக்கிறான் பாரு. சும்மா சொல்லக்கூடாது, உன் சத்து மாவு நல்லாத்தான் இருக்கு. மாங்கா வாசம், லேசா புளிப்பு. எங்க வாங்குன?"

சத்து மாவா? நான் சத்து மாவு வாங்கி வருஷக்கணக்காகிறது. மெதுவாகத் திரும்பிச் சமையல் மேடையைப் பார்த்தேன். மூடி திறந்தபடி பச்சை டின். வண்டோடது.

படத்தை நம்பாமல் மூடியைத் திறந்து மோந்து பார்த்திருக்கிறார் அண்ணி. மாம்பழ வாசம் வந்திருக்கிறது. சத்து மாவு என்று முடிவு கட்டி, தாராளமாக அள்ளிப் போட்டு, வெந்நீர் ஊற்றி ஆற்றியிருக்கிறார். புரட்டாசி சனிக்கிழமை, விரதக்காரி, பூச்சி மாவும் முட்டையும்!

"பங்சார்ல" என்றேன்.

"பங்சாரா! அதானே பாத்தேன். வெலையும் அதுக்கேத்த மாதிரி இருக்கும். எனக்குக் கொஞ்சம் பொட்டலம் கட்டிக் குடு, முட்டி வலிக்குக் குடிச்சுப் பாக்கறேன்."

"ஐயோ, வேணாம் அண்ணி! டாக்டர் இவருக்குன்னு எழுதிக் குடுத்தது. மத்தவங்க குடிச்சா ஆகாது."

"குடுக்க மனசில்லன்னு சொல்லு" என்று அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவரைப் பார்த்தேன். மனிதர் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இரண்டாவது டம்ளரை முடித்துவிட்டு மேல் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணி கார் ஏறியதும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். அந்த உணவு ஆலோசனைப் பெண்ணே எடுத்தாள்.

"மிஸ், அங்கிள் தெரியாம பல்லி சாப்பாட்டைக் குடிச்சிட்டாரு."

அந்தப் பக்கம் பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "ஆன்டி, சாப்பாட்டுல பல்லி விழுந்துடுச்சா?"

"இல்ல மிஸ். பல்லி சாப்பிடுற சாப்பாடு."

"வீட்டுல பல்லி வளர்க்கிறீங்களா ஆன்டி?"

"சேச்சே, இல்ல. வண்டு."

நல்ல பெண், சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் போனைக் கையால் மூடிக்கொண்டு சிரித்திருப்பாள். வாந்தி, வயிற்றுவலி, தடிப்பு ஏதாவது வந்தால் உடனே கூட்டிவரச் சொன்னாள். கூட யார் குடித்தது என்று கேட்டு, அவர்களையும் கவனிக்கச் சொன்னாள். மிருகத்துக்குச் செய்தது மனுஷருக்கு ஆகாது, இனிமேல் கொடுக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். இவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மேருவுக்குச் சாயங்காலமும் மறுநாளும் போன் பண்ணி, "உடம்பு எப்படி அண்ணி?" என்று விசாரித்தேன். "என்னம்மா திடீர்னு இவ்வளவு பாசம்? எனக்கென்ன, இன்னிக்குத் தெம்பா இருக்கு" என்றார். எனக்கு உயிர் வந்தது.

உயிர் வந்ததும் ஆத்திரமும் வந்தது. அண்ணியின் கைப்பக்குவமாம்! என் மூளை கணக்குப் போட்டது. மாம்பழம். இந்த மனிதருக்கு மாம்பழ வாசம்தான் பிடித்திருக்கிறது. பாசாருக்கு ஓடி மாம்பழம் வாங்கிவந்து அடித்து, ஆஸ்பத்திரிப் பவுடரில் கலந்து, மோந்து பார்த்து, பக்கத்தில் நின்று கொடுத்தேன். ஒரு வாய். கண்ணில் தண்ணீர். "வச்சுட்டுப் போம்மா." அடுத்த நாள் பப்பாளி, அதற்கடுத்த நாள் தேன். கறிவேப்பிலைச் செடிதான் மறுபடி துளிர்த்தது.

அப்பாயின்ட்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. குளித்துவிட்டு வரும்போது இவருடைய முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தெரியும். மூக்கில் குழாயோடு படுத்திருந்த அந்த மனிதர் முகம் மாறி இவர் முகமாக எனக்குத் தெரிய ஆரம்பித்தது. ஒரு நாள் மத்தியானம், இவர் தூங்குகிறார் என்று நினைத்து, அந்தப் பச்சை டின்னை எடுத்துத் திறந்தேன். கொடுக்கக்கூடாது என்று சொன்னது காதில் இருக்கிறது. கையில் கரண்டியும் இருக்கிறது. பூச்சி மாவோ புண்ணாக்கோ, அன்றைக்கு இரண்டு டம்ளர் உள்ளே போயிற்றே, நின்றதே. குழாயைவிட இது மோசமா? கரண்டி டின்னுக்குள் போய்விட்டது.

"வண்டுக்குக் காலையிலயே குடுத்துட்டேனே" என்று பின்னால் குரல் கேட்டது.

நான் திரும்பவில்லை. திரும்பினால் அழுதுவிடுவேன் என்று தெரியும். திரும்பாமலேயே அழுதேன்.

"இதுதான் வேணும்னா வாயைத் திறந்து சொல்லுங்க. இதையே கலக்கித் தர்றேன். அன்னிக்கு அக்கா கையால ரெண்டு டம்ளர் குடிச்சீங்கல்ல? நான் குடுத்தா மட்டும் எறங்க மாட்டேங்குதா? உங்களுக்கு டியூப் போட்டா நான் எப்படிங்க பக்கத்துல உக்காந்து பாப்பேன்?"

இவர் வந்து டின்னை என் கையிலிருந்து வாங்கி மூடினார். பிறகு, நம்ப மாட்டீர்கள், சிரித்தார்.

"அது வண்டோடதுன்னு மொத வாயிலயே தெரியும்மா. தெனமும் நக்கிப் பாக்கிறவனுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சேவா குடிச்சீங்க?"

"நான் வாயில வைக்கறதுக்குள்ள அக்கா பாதி டம்ளரைக் குடிச்சிட்டாங்க. எனக்காக வெரதம் இருக்கிற மனுஷி. சொன்னா அங்கயே வாந்தி எடுத்திருப்பாங்க. அப்புறம் ஆயுசு பூரா உன்னைத்தான் திட்டியிருப்பாங்க."

"சரி, ஒண்ணு குடிச்சீங்க. இன்னொண்ணை எதுக்குக் கேட்டு வாங்கிக் குடிச்சீங்க?"

"ஜக்குல மிச்சம் இருந்துச்சு. அக்கா அதையும் தனக்கு ஊத்திக்கப் போனாங்க."

சிரிப்பதா, இந்த மனிதரை ஒரு அறை விடுவதா என்று தெரியவில்லை. அக்காவின் விரதத்தையும் என் மானத்தையும் காப்பாற்ற, இருக்கிற அரை வயிற்றில் இரண்டு டம்ளர் பூச்சி மாவை வாங்கிக்கொண்டிருக்கிறார். அதைப் பார்த்துத்தான் நான் பெருமாள் கண்ணைத் திறந்தார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"அக்காவுக்காகப் பூச்சி மாவே குடிப்பீங்க. உங்க உசுருக்காக இந்தப் பவுடரைக் குடிக்க மாட்டீங்க. அப்படித்தானே?"

இவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, மேசைத் துணியின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார்.

"அக்கா ரெண்டு டம்ளர்ல ஊத்துனாங்க" என்றார். "நீ ஒண்ணுலதான் ஊத்துவ. ஊத்திட்டு நின்னுக்கிட்டே பாப்ப. அது எப்படி இருக்கும்னு நீ ஒரு நாளாச்சும் வாயில வச்சுப் பாத்திருக்கியா?"

எனக்கு வந்த கோபத்தில் ஆஸ்பத்திரி டின்னை எடுத்து மேசையில் டொம்மென்று வைத்தேன். இரண்டு டம்ளர் எடுத்தேன். சொன்ன அளவுக்கு ஒரு கரண்டி குறையாமல் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கலக்கினேன். பழக்கதோஷத்தில் மோந்து பார்த்தேன். அதே வெனிலா வாசம். ஒரு டம்ளரை இவர் பக்கம் தள்ளிவிட்டு, எதிரே உட்கார்ந்து, இதில் என்ன இருக்கிறது என்று காட்டுவதற்காக ஒரு பெரிய வாய் குடித்தேன்.

ஐயையோ! வாசம் மூக்கோடு நின்றுவிட்டது. வாய்க்குள் போனது சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பில் சர்க்கரையைக் கொட்டிய மாதிரி இருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு இரும்பு ருசி கிளம்பி வந்து நாக்கின் அடியில் படுத்துக்கொண்டது. முழுங்கிய பிறகும் போகவில்லை, பல்லில் பிசுபிசுவென்று ஒட்டியது. துப்பலாம் என்றால் எதிரே இவர் உட்கார்ந்திருக்கிறார். முழுங்கினேன். என் கண்ணில் தண்ணீர் நின்றது. இந்தக் கண்ணீரை எனக்குத் தெரியும். நாளுக்கு மூன்று வேளை எதிரே நின்று பார்த்த கண்ணீர்.

கல்யாண வீட்டுச் சமையல்காரர்கள் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்ன மூக்காம்! அறுத்துப் போடலாம் போல இருந்தது.

"எப்படி இருக்கு?" என்றார்.

"நாறுது."

"மூக்கைப் பிடிச்சுக்க. கொஞ்சம் கொஞ்சமா குடிச்சா முடியாது. இங்க பாரு, இப்படி" என்று சொல்லித் தன் டம்ளரை எடுத்து, எனக்கு வழி காட்டுவதற்காக, கடகடவென்று பாதியைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். நானும் சுளித்துக்கொண்டே குடித்தேன். நடுவில் அவருக்குப் புரையேறியது, நான் தலையில் தட்டினேன். டம்ளர்களைக் கவிழ்த்தபோது ஏதோ இரண்டு பேரும் பாரம் தூக்கி வைத்த மாதிரி மூச்சு வாங்கியது.

அதற்குப் பிறகு பவுடரோடு நான் போட்ட சண்டை தனி. ருசி தெரிந்துவிட்டதே, இனி விடுவேனா? வெதுவெதுப்பாக இருந்தால்தான் அந்த இரும்பு ருசி எழுகிறது என்று கண்டுபிடித்து, ஐஸில் வைத்துக் குளிரவைத்தேன். ஏலக்காய் தட்டிப் போட்டேன், ஒரு கல் உப்பு போட்டேன். செய்யலாமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டுதான் செய்தேன். கலக்கியதும் விரலை விட்டு ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்க்காமல் மேசைக்குக் கொண்டுபோவதில்லை. மூன்று வேளையும் இரண்டு டம்ளர். சில வேளை இவர் டம்ளரில் கால்வாசி மிச்சம் வைப்பார். சில வேளை நான் வைப்பேன், இவர் திட்டுவார். கறிவேப்பிலைச் செடி வாடிப்போயிற்று. வண்டுக்கு மட்டும் வழக்கம்போல மூடியில் மாவு வந்தது.

அண்ணிக்கு இன்றுவரை விஷயம் தெரியாது. அந்த பங்சார் மாவைத் தனக்குக் கொடுக்காத கல்நெஞ்சுக்காரி என்று என்னைப் பற்றி மேருவிலிருந்து கிள்ளான்வரை சொல்லி வைத்திருக்கிறார். சொல்லட்டும்.

அப்பாயின்ட்மென்ட் நாள் வந்தது. எடை பார்க்கும் மெஷின்மேல் இவர் ஏறியபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். அந்தப் பெண் ஒரு தரம் பார்த்தாள், இறங்கி மறுபடி ஏறச் சொன்னாள். பிறகு, "ஏறியிருக்கு அங்கிள்! கொஞ்சம்தான், ஆனா ஏறியிருக்கு. டியூப் இப்ப வேணாம்" என்றாள். எனக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை என் ரவிக்கையைக் கேட்டால் சொல்லும்.

அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பி, கம்ப்யூட்டரில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள், "சூப்பர் ஆன்டி. இப்ப அங்கிளுக்கு என்ன என்ன குடுக்கிறீங்க? மறைக்காம சொல்லணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"எனக்கு யாரும் எதுவும் குடுக்கிறதில்ல மிஸ்" என்றார். "நாங்க ரெண்டு பேரும் உக்காந்து குடிக்கிறோம்."